யூ.ஜி.சி. விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது? யாழ்ப்பாணப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் ஊர் சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் வாசிக்க வருபவர்களைவிட, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் (யூ.ஜி.சி.) கைந்நூலோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். பேராதனையில் இன்ஜினியரிங் படித்து, கனகாலம் வெளியே வேலை செய்து, ஓய்வு பெற்று ஊரோடு வந்தவன் நான். பின்னேரங்களில் அங்கே இருந்து பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கு உதவி செய்கிறேன். வருடா வருடம் வருகிற கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்று பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையைவிட, இரண்டு ஏயும் ஒரு பியும் எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி கூட வருமா?

வரும். 75 எடுத்தாலும் ஏ, 98 எடுத்தாலும் ஏ. இசட் புள்ளி அதைப் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து, மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்தால் வருவதுதான் பெறுபேற்றில் இருக்கும் இலக்கம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 80 எடுத்தால் இசட் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, விலகல் அதே 20. அதிலும் 80தான் எடுத்தால் இசட் 1. இரண்டுக்கும் ஏதான் போட்டிருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்த முறை 2001இல் வந்தது. கஷ்டமான பேப்பரை எழுதிய பிள்ளை அதனால் பாதிக்கப்படக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

மாவட்ட ஒதுக்கீடு எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

கலைத்துறைக்கு அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் எடுக்கிறார்கள். மற்றப் பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் வரை சனத்தொகைக்கு ஏற்றபடி 25 மாவட்டங்களுக்கும் போகும். 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. ஆகவே யாழ்ப்பாணப் பிள்ளைக்குப் பிரதான வாசல் இரண்டு. முதல் வாசலில் நாடு முழுவதோடும் போட்டி, இரண்டாவதில் எங்கள் மாவட்டப் பிள்ளைகளோடு.

மாவட்டம் என்றால் வீட்டு விலாசம் என்று பலர் நினைக்கிறார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்தப் பாடசாலையில் படித்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். கடைசி நேரத்தில் வீட்டை மாற்றி ஒன்றும் ஆகாது.

பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலைப் பற்றி எங்கள் வீடுகளில் இன்னும் கதைக்கிறார்கள். கதைக்கத்தான் வேண்டும், அந்த இழப்பு உண்மையானது. ஆனால் இன்றைக்கு ஒரு பிள்ளையின் படிவத்தை நிரப்பும்போது அந்தக் கோபம் முன்னால் வந்து நிற்க வேண்டாம் என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். "எங்களைத் தடுத்த இடம், அங்க போய்க் காட்டு" என்று ஒரு பிள்ளையின் தலையில் சுமத்துவது அந்தப் பிள்ளைக்குப் பாரம்.

மேலே எட்டாத ஒன்றைப் போட்டால் கீழே இருப்பதும் கை நழுவிப் போகுமா?

போகாது. இந்த ஒரு பயத்தால் தவறிப்போன விண்ணப்பங்கள் எத்தனையோ.

கணினி உங்கள் விருப்ப வரிசையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலாவதுக்கு இசட் புள்ளி காணாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், அதுவும் காணாவிட்டால் மூன்றாவதை. உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் எது மேலே இருக்கிறதோ அதைத் தரும். மொறட்டுவையை முதலில் எழுதிய குற்றத்துக்காக யாழ்ப்பாணத்தில் உங்களைப் பின்னுக்குத் தள்ள மாட்டார்கள். அங்கே போட்டி இசட் புள்ளியில்தான். நீங்கள் அதை எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதில் அல்ல.

ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. போக விருப்பமில்லாத ஒன்றை, "சும்மா கிடக்கட்டும்" என்று உண்மையில் விரும்பும் ஒன்றுக்கு மேலே எழுதினால், அதுதான் கிடைக்கும். கிடைத்த பிறகு, கீழே இருப்பதுதான் எனக்கு வேண்டும் என்று சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தம்பி தகப்பனோடு வந்தார். கையில் ஒற்றைறூள் தாள். முந்திய வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கம் வரை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, மூன்று நிறப் பேனையால் எழுதியிருந்தார்கள். அவ்வளவு அழகான வேலை. "இதில உமக்கு விருப்பமானது எது?" என்று கேட்டேன். தம்பி தகப்பனைப் பார்த்தார். தகப்பன் தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையின் விரல் பதினோராவது வரியில் போய் நின்றது. கணினி விஞ்ஞானம். அதற்கு மேலே இருந்த பத்தில் நான்குக்குப் பெயர் மட்டுமே தெரியும், என்ன படிப்பு என்று தெரியாது. புதிதாக ஒரு தாள் எடுத்து எழுதினோம். அந்தப் பழைய தாளைத் தகப்பன் எறிய மனமில்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்படியென்றால் வெட்டுப்புள்ளி கூடின இடம் நல்ல இடம் இல்லையா?

வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி. அவ்வளவுதான். எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதிலிருந்து வருவது. இடம் குறைந்தால் ஏறும். பட்டினத்துக்குப் பக்கமாக இருந்தால் ஏறும். போன வருடம் ஏறினது என்பதற்காகவே இந்த வருடமும் ஏறும். அங்கே யார் படிப்பிக்கிறார்கள், ஆய்வுகூடம் எப்படி, நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று அந்த இலக்கம் ஒன்றும் சொல்லாது.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பரீட்சை முடிந்துவிட்டது, இசட் புள்ளியை இனி மாற்ற முடியாது. பிள்ளையின் கையில் மிச்சம் இருப்பது இந்த வரிசை ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் போன வருடப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

பேராசிரியர் அழகையா துரைராஜாவை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. வடமராட்சி மண்ணில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தவர். றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மண்ணியக்கவியல் படிக்கிற எவரும் இன்றைக்கும் சந்திக்கிற ஒன்று. பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்தவர், பிறகு போர் நடந்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்து, 1994இல் இறக்கும் வரை அந்தப் பொறுப்போடு இருந்தார். அவருடைய பெறுமதி இடத்தோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. படிப்பிக்கிற ஆளைத் தேடிப் பாருங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவரை நினைத்துத்தான் சொல்கிறேன்.

இன்ஜினியரிங்குக்கு மொறட்டுவையா, பேராதனையா, யாழ்ப்பாணமா?

கணிதப் பிரிவுப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி. றுகுணு, தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகிய இடங்களிலும் பொறியியல் பீடம் உண்டு. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் தடுமாறுகிறார்கள்.

முதலில் மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம். நான்கு வருடப் படிப்பு, ஆங்கிலத்தில். உள்ளே போகும்போது "பொறியியல்" என்று மட்டும்தான் போகிறீர்கள். சிவிலா, கம்பியூட்டரா, எலெக்ட்ரிக்கலா என்பது ஆரம்பத்தில் எல்லோரும் ஒன்றாகப் படிக்கும் பகுதியின் பெறுபேற்றை வைத்துத்தான் பிரியும். இதை அநேக பெற்றோர் கவனிப்பதில்லை. மொறட்டுவையில் கம்பியூட்டர் துறைக்குப் போட்டி கடும். அங்கே உங்களோடு இருப்பவர்கள் நாடு முழுவதிலும் முன்னுக்கு நின்ற பிள்ளைகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துக்குள் வந்த பிள்ளை அங்கே நடுவில் நிற்கக்கூடும், நடுவில் நின்றால் கேட்ட துறை கிடைக்காமல் போகலாம். அதே பிள்ளை பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்ட துறையை எடுத்திருக்கக்கூடும். ஆகவே உங்களையே கேளுங்கள்: எனக்கு அந்தத் துறை முக்கியமா, அந்த இடம் முக்கியமா? துறைதான் உயிர் என்றால் வரிசை மாறும்.

துறைகளும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இரசாயனப் பொறியியல் படிக்க ஆசை என்றால் மொறட்டுவையிலும் பேராதனையிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சிவில், கம்பியூட்டர், மின்னியல் இலத்திரனியல், இயந்திரவியல் ஆகியவைதான் பிரதானம்.

இனி இடத்தைப் பற்றி. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருப்பது கட்டுபெத்தவில், கொழும்பிலிருந்து காலி வீதியால் கொஞ்சத் தூரம். எங்கள் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ போர்டிங்கிலோ நின்று, காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்கள். மென்பொருள் கம்பனிகள் எல்லாம் கொழும்பைச் சுற்றித்தான். பயிற்சிக் காலத்துக்கும் முதல் வேலைக்கும் அது பெரிய வசதி, மறுக்க முடியாது. கூகுள் நடத்திய கோடைக்கால மென்பொருள் திட்டத்தில் உலகிலேயே அதிக மாணவர்கள் தெரிவான பல்கலைக்கழகமாகப் பல வருடம் நின்றது மொறட்டுவைதான். மூத்த மாணவர் தம்பிமாரை இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் அங்கே இருக்கிறது. கட்டடத்தைவிட அது பெரிய சொத்து.

பேராதனை எனக்குத் தாய்வீடு. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். மகாவலி கரையில் மரங்களுக்குள் இருக்கிற பெரிய வளாகம். ஒரே இடத்தில் மருத்துவமும் பொறியியலும் கலையும் விஞ்ஞானமும். தமிழ்த்துறைப் பிள்ளையோடும் கால்நடை மருத்துவப் பிள்ளையோடும் சாப்பாட்டு மேசையில் இருந்து கதைக்கலாம். இன்ஜினியரிங் மட்டுமே சுற்றி இருந்தால் கிடைக்காத ஒரு படிப்பு அது. யாழ்ப்பாணத்திலிருந்து போக வர, பொல்காவலையில் இறங்கி ரயில் மாற வேண்டும். அந்த மேடையில் விடியப்புறம் குளிருக்குள் அம்மா கட்டித் தந்த இடியப்பப் பார்சலோடு இருந்த காலம் இன்னும் மறக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் யாழ்ப்பாணத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில், ஏ9 வீதியோடு இருக்கிறது. தொழில்நுட்ப பீடமும் விவசாய பீடமும் அங்கேதான். "வீட்டிலிருந்து போய் வரலாம்" என்று எழுதுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து கிளிநொச்சிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய் வந்தால் பிள்ளை படிக்கிற நேரம் பஸ்ஸில் போகும். பீடம் இளையது, 2010களில்தான் தொடங்கியது. இளைய பீடத்தில் பழைய மாணவர் வலை சிறிதாக இருக்கும், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் ஆட்கள் குறைவு, விரிவுரையாளருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றோருக்குத் தெரியும்.

எந்த இடமானாலும், விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இலிருந்து முழு உறுப்பு நாடு. அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு அந்த உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு. வெளிநாடு போகிற எண்ணம் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மெடிசின் கிடைக்கும் போல இருக்கிறது. கொழும்பை முதலில் எழுதவா, யாழ்ப்பாணத்தையா?

பத்துக்கும் மேற்பட்ட மருத்துவ பீடங்கள் இருக்கின்றன. கொழும்பு 1870இல் தொடங்கியது, யாழ்ப்பாணம் 1978இல். எங்கே படித்தாலும் ஐந்து வருடம், அதன் பிறகு இன்டர்ன்ஷிப், பிறகு சுகாதார அமைச்சின் நியமனம். விசேட வைத்திய நிபுணராக வேண்டுமானால் எல்லாரும் ஒரே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சையைத்தான் எழுத வேண்டும். அங்கே யாரும் எந்த பீடத்திலிருந்து வந்தாய் என்று பார்த்துப் புள்ளி போடுவதில்லை.

நான் பிள்ளைகளிடம் கேட்பது வேறு ஒரு கேள்வி. நோயாளியோடு எந்த மொழியில் கதைக்கப் போகிறாய்? விரிவுரை எல்லா இடத்திலும் ஆங்கிலம். ஆனால் மூன்றாம் வருடத்துக்குப் பிறகு வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எங்கை நோகுது அம்மா, எப்ப தொடங்கினது" என்று கேட்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் அதைத் தமிழில் கேட்கலாம். றாகமையிலோ காலியிலோ அனுராதபுரத்திலோ சிங்களத்தில். சிங்களம் தெரியாமல் போன எங்கள் பிள்ளைகள் ஆறு மாதத்தில் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிறகு நாட்டின் எந்த மூலையிலும் வேலை செய்ய அவர்களுக்குப் பயமில்லை. யாழ்ப்பாணத்துக்கு வருகிற சிங்களப் பிள்ளைகளும் இதே மாதிரித் தமிழ் பழகுகிறார்கள். இரண்டு வழியும் நல்ல வழி. எந்த வழிக்கு உங்கள் பிள்ளைக்கு மனமிருக்கிறது என்பதுதான் கேள்வி.

கொழும்புதான் பெருமை என்பதற்காக மட்டும் கொழும்பை எழுத வேண்டாம். யாழ்ப்பாணத்தின் மருத்துவ பீடம் எத்தனை கஷ்டத்துக்குள்ளும் நடந்து டாக்டர்மாரைத் தந்த பீடம். அதை இரண்டாம் தரமாகக் கதைப்பதைக் கேட்டால் எனக்கு மனம் நோகும்.

பாடநெறியைப் பார்ப்பதா, பல்கலைக்கழகத்தைப் பார்ப்பதா?

பாடநெறியை. முதலில் என்ன படிப்பது என்று தீர்மானியுங்கள், எங்கே என்பது அதற்குப் பிறகு. நாலு வருடம் காலையில் எழும்பிப் போகிறது அந்தப் பாடத்துக்கு. வாசலில் இருக்கிற பெயர்ப்பலகைக்கு அல்ல.

பயோ படித்த ஒரு பிள்ளையின் கதை சொல்கிறேன். வீட்டில் ஆறு ஆடு, மூன்று மாடு. கன்று போடுகிற இரவில் தாயோடு லாம்பு பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. கால்நடை மருத்துவம் வேண்டும் என்றது. இலங்கையில் அது பேராதனையில் மட்டும்தான். "மெடிசின் காணாதெண்டா பல் வைத்தியம், அதுவும் காணாதெண்டாத்தான் மாட்டு டாக்குத்தர்" என்றார் மாமா ஒருவர். வரிசையை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. தாய்தான் மெதுவாக, "அவளுக்குப் பிடிச்சதை எழுதட்டுமே அண்ணை" என்றா. கால்நடை மருத்துவம் முதலாவதாகப் போனது. கிடைத்தது. இப்போது விடுமுறைக்கு வந்தால் அயலட்டையில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்த வீட்டுப் படலையில் நிற்கிறார்கள்.

ஆர்ட்ஸ் படித்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் போதாதா?

போதும், பல விஷயங்களில் போதுமானதற்கு மேலே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது. அதன் முதல் தலைவர் கைலாசபதி, தனிப் பல்கலைக்கழகமான பிறகு துணைவேந்தராக வந்தவர் வித்தியானந்தன். இருவரும் பேராதனையில் படிப்பித்தவர்கள். தமிழ், வரலாறு, புவியியல் என்று படிக்க விரும்புகிற பிள்ளைக்கு இந்த மரபு சின்ன விஷயமல்ல. இசையும் நடனமும் மருதனார்மடத்தில்.

ஆனால் ஆங்கிலத்தில் படித்துப் பழக வேண்டும், வேறு ஊர்ப் பிள்ளைகளோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று கலைப் பிரிவுப் பிள்ளை கேட்டால், கொழும்பையோ பேராதனையையோ மேலே எழுதுங்கள். சட்டம் படிக்க விரும்பினால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் இருக்கிறது.

செலவு எவ்வளவு வரும்?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவிப்பணத்துக்கும் கேட்கிற நேரத்தில் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும். ஹொஸ்டல் எல்லா வருடத்துக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் முன்னுரிமை. நடுவில் வெளியே அறை எடுக்க நேரும். கொழும்புப் பக்கம் அது பாரம்தான், பேராதனையிலும் கிளிநொச்சியிலும் கொஞ்சம் இலேசு.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படித் தனியே விடுவது?

இந்தக் கேள்வியை அநேகமாகப் பிள்ளை இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார்கள். நான் பிள்ளையையும் கூப்பிட்டு இருத்திவிட்டுத்தான் பதில் சொல்வது.

தாய் தகப்பனின் பயம் எனக்கு விளங்கும். எனக்கும் மகள்தான். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் தனி ஹொஸ்டல் இருக்கிறது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எங்கள் ஊர் அக்காமார் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு பிள்ளையை முன்கூட்டியே கதைக்க விடுங்கள். முதல் நாள் போய் அறையைப் பாருங்கள், கட்டிலைப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மனம் ஆறும். தூரம் என்ற ஒரே காரணத்துக்காக மகனுக்கு எழுதுகிற வரிசை ஒன்று, மகளுக்கு எழுதுகிற வரிசை ஒன்று என்று இருக்கக் கூடாது. இசட் புள்ளி எடுத்தது பிள்ளை.

ஆங்கிலம் பலவீனம், சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சமாளிக்குமா?

சமாளிக்கும். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை மாதக்கணக்கில் நேரம் கிடக்கும். அதை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசித்தால் போதும். சிங்களம் பழக்கத்தில் வரும். யாழ்ப்பாணத்திலேயே இருந்தால் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் மருத்துவ பீடத்திலும் பொறியியல் பீடத்திலும் தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

பகிடிவதைக்குப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது பிள்ளையின் குறை அல்ல. பகிடிவதை குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, சிறைத்தண்டனையும் உண்டு. நடந்தால் யூ.ஜி.சி.க்கு நேராகவே முறையிடலாம். பிள்ளை வீட்டுக்கு அழைத்துக் கதைக்கும்போது குரல் மாறியிருந்தால் "எல்லாரும் பட்டதுதானே" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வசனத்தால் பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

ஆர்க்கிடெக்சர், டிசைன், சங்கீதம் போன்றவற்றுக்கு வேறு ஏதும் செய்ய வேண்டுமா?

ஆம். உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகங்கள் தனியாக அறிவித்தல் விடும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யூ.ஜி.சி. படிவத்தில் எழுதியது மட்டும் போதாது. கைந்நூலில் அந்தப் பாடநெறிக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கும். நன்றாகப் படம் கீறுகிற ஒரு தம்பி இதைக் கவனியாமல் ஒரு வருடத்தை இழந்தார்.

கொஞ்சப் புள்ளியால் தவறிவிட்டது. திரும்ப எழுதலாமா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறைதான் கணக்கு. இரண்டாம் முறை எழுதுவது பற்றி எனக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. கேட்கிறது பிள்ளையா, வீடா? பிள்ளை தானாகவே புத்தகத்தைத் திரும்ப எடுத்தால் எழுதட்டும். ரியூட்டரிக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம். கிடைத்த இடத்தில் பதிந்துவிட்டு, அடுத்த பரீட்சையை வைத்து வேறு பீடம் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் பதிய முன்னர் கைந்நூலில் பதிவு பற்றிய விதியை வரி வரியாக வாசியுங்கள். பதிவு செய்தவர்களுக்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்?

தகுதி பெற்றவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. ஆகவே கிடைக்காத பிள்ளை தோற்ற பிள்ளை அல்ல, இடம் போதவில்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே நிலையம் உண்டு, வேலை செய்துகொண்டே படிக்கலாம். சட்டக் கல்லூரிக்குத் தனி நுழைவுப் பரீட்சை. தனியார் பட்டங்கள் சிலவற்றுக்கு வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. காணியை ஈடு வைக்க முன்னர் அதை விசாரியுங்கள். அந்தப் பட்டத்தை யூ.ஜி.சி. ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துக் காசு கட்ட வேண்டாம்.

யாரிடம் விசாரித்தால் சரியான தகவல் கிடைக்கும்?

இப்போது அதே பீடத்தில் மூன்றாம், நான்காம் வருடம் படிக்கிற பிள்ளையிடம். என்னைப் போல நாற்பது வருடத்துக்கு முன்னர் படித்தவர்களிடம் அல்ல. ரியூசன் வாத்தியாரிடமும் அல்ல, அவருக்குத் தன் போஸ்டரில் போட ஒரு பெயர் தேவைப்படலாம்.

"நல்ல கம்பஸ்தானே அண்ணை?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: உங்களோடு உள்ளே வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கேட்ட துறை கிடைத்தது? ஒரு பாடத்தில் தவறினால் திரும்ப எழுத எத்தனை மாதம்? பயிற்சிக்கு எங்கே போனீர்கள், யார் எடுத்துத் தந்தது? இரவு பத்து மணிக்குப் பசித்தால் என்ன செய்வீர்கள்? விரிவுரையாளர் ஒருவரின் அறைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?

இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளை ஒரே மாதிரிக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு வந்தால் மிச்ச வேலை பத்து நிமிடம்தான். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு நான் வாசிகசாலை மேசையில் இருப்பேன். பென்சில் கொண்டு வாருங்கள், வரிசை கட்டாயம் ஒரு தடவையாவது மாறும்.